கடவுச்சொல் யாரிடம்?

பழவேற்காட்டுக்கு இணையதளம் வருவதற்கு முன்பே சுனாமி வந்துவிட்டது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் குப்பங்களுக்கு லேப்டாப் தூக்கிய ஆட்கள் வரிசையாக வந்தார்கள். படகு தர வந்தவர்கள், வலை தர வந்தவர்கள், கணக்கெடுக்க வந்தவர்கள், படமெடுக்க வந்தவர்கள். கிளம்பும்போது பாதிப் பேர் ஒரே பேச்சைப் பேசினார்கள்: "எங்க வெப்சைட்ல போடுறோம், பாருங்க." பார்ப்பதற்குப் பொன்னேரிக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே பிரவுசிங் சென்டரில் காசு கட்டி உட்கார்ந்தால், ஒரு படம் மேலிருந்து கீழாகத் திரையில் இறங்கி முடிப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

அப்படிப் பார்த்ததில், இணையத்துப் பழவேற்காட்டில் பூநாரை இருந்தது. டச்சுக்காரர் கல்லறையும் அதன் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடும் இருந்தன. 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை பற்றி இரண்டு பத்தி இருந்தது. மனுசர் என்று தேடினால், தலையில் கைவைத்து அழும் ஆயா ஒருத்தி. சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களைக் காணோம். பனையோலையில் பெட்டி முடைகிற பெண்களைக் காணோம். முகத்துவாரம் மண் மூடி அடைபட்டால் ஏரி என்ன பாடுபடும் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

நான் அப்போது பொன்னேரியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. பேஜ்மேக்கரும் கொஞ்சம் போட்டோஷாப்பும் தெரியும். குப்பத்துக் கணக்குப்படி அது 'கம்ப்யூட்டர் வேலை'. எனக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். "கண்டவனெல்லாம் நம்ம ஊரைப் பத்தி எழுதறான். நாமளே ஒண்ணு போட்டா என்னடா?" என்றார். போடலாம் சார், எதில் போடுவது என்பதுதான் தெரியவில்லை என்றேன்.

அந்தக் கேள்வியோடு அலைந்த மாதங்களில் ஒன்று பிடிபட்டது. யாரைக் கேட்டாலும் தனக்குத் தெரிந்த மென்பொருளைத்தான் உலகத்திலேயே நல்லது என்றார்கள். பிரவுசிங் சென்டர் தம்பி ஃப்ரண்ட்பேஜ் என்றான். வேர்டு மாதிரியே இருக்கும், அடிக்க அடிக்கப் பக்கம் தயார். சென்னையில் பொறியியல் படித்த என் பெரியம்மா மகன், ஃப்ரண்ட்பேஜா, அதெல்லாம் யாருடா தொடுவான், ட்ரீம்வீவர்தான் தொழில்முறை என்றார். கணினி வகுப்பு நடத்தியவர், முதலில் ஜாவா படித்துவிட்டு வா என்று கட்டண அட்டையை நீட்டினார். இந்த மென்பொருள்களின் அசல் விலை எங்கள் தெருவில் ஒருவர் வீட்டு வருமானத்தை விழுங்கிவிடும். ஆனால் அசல் விலையைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் கவலையில்லை. சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே ஒரே நகல் வட்டில் கிடைத்தது.

நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், கல்லூரி மாணவிதான், என் கடைக் கணினியில் ஒரு காரியம் செய்து காட்டினார். திறந்திருந்த ஏதோ ஒரு பக்கத்தில் எலியின் வலது பொத்தானை அழுத்தி, 'வியூ சோர்ஸ்' என்பதைத் தட்டினார். பக்கத்தின் உள்ளுடல் நோட்பேடில் விரிந்தது. கோணக் குறிகளுக்குள் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள். நடுவில் நாம் படிக்கிற எழுத்து. "இவ்வளவுதாண்ணா. இதை நீங்களே நோட்பேட்ல அடிக்கலாம். எந்த சாஃப்ட்வேரும் வேணாம்" என்றார். பத்திக்கு ஒரு குறி, தலைப்புக்கு ஒரு குறி, படத்துக்கு ஒன்று, இன்னொரு பக்கத்துக்குத் தாவ ஒன்று. தமிழில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவனுக்கு அந்த நாலைந்து குறி ஒரு பொருட்டே இல்லை. இன்றைக்கு யாராவது புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்டால், எந்தக் கருவியை எடுத்தாலும் சரி, முதலில் ஒரே ஒரு பக்கத்தை நோட்பேடில் கையால் அடித்துப் பாருங்கள் என்பேன். பிறகு எந்த மென்பொருள் என்ன மாயம் காட்டினாலும் அடியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்கும்.

ஆனாலும் நாங்கள் ஃப்ரண்ட்பேஜில்தான் தொடங்கினோம். காரணம் எளிது: வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் படத்தை அங்கே தள்ளு, இந்த எழுத்தைப் பெரிசாக்கு" என்று சொல்லச் சொல்லச் செய்ய முடிந்தது. அவருக்குக் குறிகளைக் காட்டினால் எழுந்து போயிருப்பார். வந்துபோனவர் எண்ணிக்கை காட்டும் மீட்டர் ஒன்று வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஃப்ரண்ட்பேஜில் அதற்குத் தயாராக ஒரு பொத்தான் உண்டு. ஆனால் நம் பக்கங்களை வைத்திருக்கும் சர்வரில் ஃப்ரண்ட்பேஜுக்கென்று ஒரு துணை நிரல் போட்டிருந்தால்தான் அந்த மீட்டர் ஓடும். எங்களுக்குக் கிடைத்த சர்வரில் அது இல்லை. ஒரு கருவி சுலபமாகக் கொடுக்கிற வசதிக்குப் பின்னால் அதே கருவிக்காரன் வீட்டு இன்னொரு சாமானும் தேவைப்படும் என்பது அப்போது தெரிந்தது. மைக்ரோசாஃப்ட்டும் 2003 பதிப்போடு ஃப்ரண்ட்பேஜை நிறுத்திவிட்டது.

எல்லாவற்றையும்விட எங்களைப் போட்டு வாட்டியது எழுத்து.

பேஜ்மேக்கரில் நான் வருடக்கணக்காக அடித்த தமிழ், கணினியின் கண்ணுக்குத் தமிழே இல்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. காகிதத்தில் அச்சாகும்வரை பிரச்சினை இல்லை. அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் 'அன்புடையீர்' என்பது வாயில் நுழையாத ஆங்கிலக் குப்பையாக விழும். அதனால்தான் அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்களில், எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள் என்ற வரி முதலில் நிற்கும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் முன்வைத்தது. கடல் கடந்த தமிழர்கள் டிஸ்கி என்ற இன்னொன்றை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் மேலே, 1991 முதலே தமிழுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்த யூனிகோடு.

படித்தால் யூனிகோடுதான் சரி என்று பட்டது. நடைமுறையில்? விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் விண்டோஸ் யூனிகோடு தமிழைக் காட்டவே தொடங்கியது. எக்ஸ்பியில் கூட, மண்டல அமைப்புகளுக்குள் போய் 'சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகள்' என்ற பெட்டியில் டிக் அடித்து, அது கேட்கும் வட்டைச் செருகினால்தான் தமிழ் ஒழுங்காக விழும். பொன்னேரி பிரவுசிங் சென்டரில் இருந்தவை விண்டோஸ் 98. ஆக, யூனிகோடில் போட்டால் எங்கள் ஊரைப் பற்றிய பக்கம் எங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே கட்டம் கட்டமாகத் தெரியும். டி.டி.பி. எழுத்துருவில் போட்டால் எழுத்துருவை இறக்கிக்கொண்டவர்களுக்கு அழகாகத் தெரியும்.

வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். "வெளியூர்ல இருக்கற நம்ம பையன் கூகுள்ல பழவேற்காடுன்னு தமிழ்ல அடிச்சா, இது வருமா, அது வருமா?" யூனிகோடில் போட்டது வரும். மற்றது வராது, தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. "அப்ப அதையே போடு. கட்டம் தெரியறவன் கம்ப்யூட்டரை மாத்திக்குவான்" என்றார். இத்தனை பேரைக் கேட்டு அலைந்ததில், யார் படிக்கப்போகிறார்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கியவர் அவர் ஒருவர்தான். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்தபோது, அவர் அந்தச் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, மேசைமேல் வைத்துவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

அடிப்பதற்கு இ-கலப்பை. பழைய தட்டச்சு முறையில் பழகிய என் விரல்கள் முதலில் முரண்டு பிடித்தன. பின்னால் என்.எச்.எம். ரைட்டர் வந்து, பழைய தட்டச்சிலேயே யூனிகோடு அடிக்கலாம் என்றானதும் டி.டி.பி. கடைகளுக்கெல்லாம் மூச்சு வந்தது. படங்களுக்கு இர்ஃபான்வியூ. அந்தச் சின்ன இலவச மென்பொருள்தான் கேமராவிலிருந்து வந்த பெரும் படத்தை ஐம்பது, அறுபது கே.பி.க்குச் சுருக்கித் தந்தது. தளம் கட்ட ஆயிரம் கருவி பேசுகிறவர்கள், படம் சுருக்கும் கருவியைப் பற்றி ஏனோ பேசுவதில்லை. மெதுவான இணைப்பில் பாதிப் பிரச்சினை படத்தின் எடைதான்.

பக்கங்களை எங்கே வைப்பது? இலவச இடங்கள் இருந்தன. ஜியோசிட்டீஸ் 15 எம்.பி. தந்தது, ஓரத்தில் விளம்பரத்தோடு. 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் போயின. நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் சொந்தப் பெயர் வாங்கியது பெரிய யோசனையால் அல்ல. 2005இல் டாட் இன் பெயர்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன, வருடத்துக்குச் சில நூறு ரூபாய், வாத்தியாருக்குப் பெயரில் ஊர் இருக்க வேண்டும் என்று பிடிவாதம். காசு கொடுக்க ஆள் இருந்தது, காசு கட்ட கார்டுதான் இல்லை. எங்கள் குப்பத்தில் அன்று கிரெடிட் கார்டு யாரிடமும் கிடையாது. சென்னையிலிருந்த பெரியம்மா மகன் தன் கார்டில் கட்டினார். அதனால் பெயர் அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிவானது. கோப்புகள் முதலாளியின் கடைக் கணினியில். அவற்றை ஃபைல்ஜில்லா வழியாக ஏற்றுகிற கடவுச்சொல் என் சட்டைப்பை நோட்டில். மூன்று பேர், மூன்று இடம். அதுதான் அப்போதைய ஏற்பாடு.

தளத்தில் என்ன போடுவது என்பதில் ஒரு சண்டை நடந்தது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், அரங்கன்குப்பம் மூன்றும் ஏரியில் முறை வைத்து மீன்பிடிக்கும் பாடு முறை ஆராய்ச்சியாளர்களுக்குப் பிடித்த விஷயம். முகத்துவாரத்தை ஒட்டிய இறால் இடங்களில் எந்த நாளில் எந்தக் குப்பத்துக்காரர் சுத்துவலை கட்டலாம் என்று தலைக்கட்டுக் கணக்குப் பார்த்து முறை வைப்பார்கள். அந்த முறைப்பட்டியலை ஓர் அட்டவணையாகத் தளத்தில் ஏற்றலாம் என்றேன். அட்டவணை போடுவது எனக்குக் கைவந்த வேலை. ஊர்ப் பெரியவர்கள் கூடாது என்றுவிட்டார்கள். "ஊர்க் கணக்கு ஊரோட இருக்கட்டும். நீ எழுதிப் போட்டுட்டா நாளைக்கு அதைக் காட்டி ஒருத்தன் கேஸ் போடுவான்." பாடு முறைக்கு வெளியே நிற்கிற மீனவர்களும் இந்த ஏரியில் உண்டு, அவர்களுக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அந்த அட்டவணை ஏறினால் ஒரு தரப்பின் பத்திரமாகிவிடும். பெரியவர்கள் சொன்னது சரி என்று இன்றும் நினைக்கிறேன். பாடு என்றால் என்ன என்று மட்டும் ஒரு பக்கம் எழுதினோம், பட்டியல் ஏறவில்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பக்கம் செய்து தருகிறேன் என்று நான் சொன்னதற்கு ஒருவர், "பூட்டு நீ போடுவே, சாவியும் உங்கிட்டதானே இருக்கும்?" என்றார்.

இன்னொரு பக்கம் ஓலைப்பெட்டிகளுக்கு. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் குருத்தோலையைக் காயவைத்து, சாயம் ஏற்றி, கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். ஏரியில் மீன் இல்லாத மாதங்களிலும் அவர்கள் கையில் வேலை இருக்கும். மூன்றாவது பக்கம், எப்படி வருவது: பொன்னேரி வரை மின்ரயில், அப்புறம் பஸ், படகில் ஏரியைச் சுற்றிப் பார்க்கலாம்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஏரிக்கு வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரை முழுக்க ஆம்புலன்ஸும் போலீஸும். அன்று இரவு யாரோ ஒருவர் வாத்தியாருக்குப் போன் செய்து, உங்கள் தளத்தில் இன்னும் 'படகில் சுற்றிப் பார்க்கலாம்' என்று இருக்கிறதே என்றார். ஒரு வரியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடை பூட்டியிருந்தது, முதலாளி திருத்தணிப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். கோப்பு அந்தக் கணினியில் இருந்தது. குப்பத்தில் இணைய வசதியோடு செல்போன் வைத்திருந்தவர்கள் பலர். அவர்களில் யாராலும் அந்த வரியைத் தொட முடியாது. மறுநாள் கடை திறந்த பிறகுதான் எடுத்தேன். படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு யாரும் வந்திருக்கமாட்டார்கள். ஆனாலும் ஊரே அழுதுகொண்டிருந்த ராத்திரி முழுக்க அது அங்கே நின்றது.

எந்த மென்பொருள் அழகாகச் செய்யும், எது வேகம், எது இலவசம் என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு எனக்குச் சின்னதாகிவிட்டன. நான் இல்லாத ராத்திரியில் இதை யார் திறப்பார்கள் என்பதை முதலில் கேட்டேன். அந்தக் கேள்விக்கு ட்ரீம்வீவரிடம் பதில் இல்லை. அது ஒரு கணினியில், ஒரு ஆளிடம் இருக்கும் கருவி. பிளாகரிடமும் வேர்டுபிரஸ்ஸிடமும் இருந்தது. எங்கிருந்தும் உள்ளே நுழையலாம்; ஆளுக்கொரு கணக்கு; ஒருவர் எழுதலாம், ஒருவர் திருத்தலாம், ஒருவர் எல்லாவற்றையும் ஆளலாம். வேர்டுபிரஸ் 2003இல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் கைவிடப்பட்ட வேறொரு நிரலை எடுத்து வளர்த்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் ரிச்சி தெரு வட்டு தேவைப்படவில்லை. பிளாகர் இன்னும் சுலபம், வாடகையும் கிடையாது. கையில் சர்வர் இடம் ஏற்கெனவே இருந்ததால் வேர்டுபிரஸ் எடுத்தோம். இல்லாதிருந்தால் பிளாகரோடு நின்றிருப்போம், அதிலும் குறை ஒன்றும் இருந்திருக்காது.

வேர்டுபிரஸ் வந்ததும் ஆசை வந்தது. ஓடும் படங்கள், பறக்கும் மெனு, வானிலைப் பெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரு செருகுநிரல். கல்லூரி படித்த குப்பத்துப் பையன்கள் நாளுக்கொன்று சேர்த்தார்கள். பக்கம் கனத்துப்போய், 2ஜி சிக்னலில் செல்போனில் திறக்கவே மறுத்தது. அதே காலத்தில் இன்னொரு தலைவலி: பல நோக்கியா போன்களில் தமிழ் தெரியாது. அதற்கு ஒரு வைத்தியம் வாய்மொழியாகப் பரவியிருந்தது. ஆப்பரா மினி உலாவியில் முகவரி இடத்தில் 'ஆப்பரா கான்ஃபிக்' என்று அடித்து, பட்டியலின் அடியில் சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு என்பதை 'ஆம்' ஆக்கினால், ஆப்பராவின் சர்வரே தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். பக்கத்தைச் சுருக்கியும் தரும். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் போனிலும் அதை மாற்றிக் கொடுத்தேன். நான் செய்த 'தொழில்நுட்பப் பணி'யில் அதிகம் பேருக்குப் பயன்பட்டது அதுவாகத்தான் இருக்கும். போன்களில் பக்கத்தைப் பார்த்த பையன்களே வந்து ஓடும் படங்களைக் கழற்றினார்கள்.

வாத்தியார் அந்த நாளில் புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினத்தைப் பற்றி அடிக்கடி பேசுவார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை 1998 முதல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்தது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து வங்கக்கடல் அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடற்கரையில் நின்றவனுக்குக் கணினியும் வேண்டாம், உலாவியும் வேண்டாம், காது போதும். "நம்ம பக்கத்தையும் ஒருத்தன் மைக்ல படிச்சா புரியணும். அப்படி எழுது" என்பார். அதிலிருந்து நான் வாக்கியங்களைச் சின்னதாக்கினேன். 'முகத்துவாரம் திறந்திருக்கிறது. ஃபைபர் படகு போகலாம்.' இந்த மாதிரி. வடிவமைப்பு என்று நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த மைக்கிலிருந்து வந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையம் எல்லார் சட்டைப்பையிலும் ஏறிவிட்டது. பையன்கள் தளத்தை விட்டுவிட்டுச் சமூக ஊடகத்தில் ஊர்ப்பெயரில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். சூரிய உதயம், நண்டு, பூநாரை, குழம்பு. ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள், எங்கள் தளத்துக்கு வருடம் முழுக்க வந்தவர்களைவிட அதிகம். எனக்குப் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பையன் துபாய்க்கு வேலைக்குப் போனான். இங்கிருந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்தது. புதுப் போனில் நுழையப் பார்த்தபோது, ஓ.டி.பி. அந்தச் செத்த எண்ணுக்குப் போயிற்று. பக்கம் இன்னும் இருக்கிறது, உள்ளே போக ஆளில்லை. பூநாரைப் படத்துக்குக் கீழே 'படகு உண்டா?' என்று இன்னமும் கேட்கிறார்கள். அது வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்த கதை.

வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவியில் படிக்கவும் செய்யலாம், அதே சாளரத்தில் எழுதித் திருத்தவும் செய்யலாம் என்று எங்கோ படித்தபோது அசந்துபோனேன். 1993 ஏப்ரல் 30 அன்று அவர் வேலை பார்த்த செர்ன் ஆய்வகம் வெப் தொழில்நுட்பத்தை யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. பிறகு வந்த உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கு மட்டும் என்றாகி, எழுதுவதற்குத் தனி மென்பொருள், தனிப் படிப்பு, தனி ஆள் என்று ஆனது. எதில் செய்வது என்று நான் பொன்னேரியில் தெருத்தெருவாகக் கேட்டுத் திரிந்ததற்கு அந்தப் பிரிவினைதான் காரணம். குப்பத்துப் பெண்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுச் செய்தி சொல்வதைப் பார்க்கும்போது, பெர்னர்ஸ்-லீ முதலில் நினைத்தது கொஞ்சம் திரும்பி வந்ததாகத் தோன்றும். குரல் பதிவைக் கூகுளில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

வாத்தியார் இப்போது இல்லை. அண்ணன் மகள் பி.சி.ஏ. முடித்திருக்கிறாள். தங்களுக்கென்று ஒரு தளம் வேண்டும் என்று ஓலைப்பெட்டிப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "எதுல பண்ணலாம் சித்தப்பா?" என்று அவள் கேட்டபோது, எனக்கு வேர்டுபிரஸ் என்று சொல்லத்தான் வாய் வந்தது. தெரிந்ததைச் சொல்லும் புத்தி. அடக்கிக்கொண்டு, யார் திருத்துவார்கள் என்று மட்டும் கேட்டேன். அவள் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். மாதம் ஒருமுறைதான் எதுவும் மாறும்: எந்தப் பெட்டி கையிருப்பு, எது இல்லை. அதற்கு வேர்டுபிரஸ்ஸும் தரவுத்தளமும் வாராவாரம் புதுப்பிப்பும் எதற்கு? நாலே நாலு சாதாரணப் பக்கங்கள், நோட்பேடில் அடித்தது போல. அவற்றைக் கிட்ஹப்பில் இலவசமாக வைத்தாள். கையிருப்புப் பட்டியல் மட்டும் ஒரு கூகுள் ஷீட், அதைப் போனிலிருந்தே மூன்று பெண்கள் திருத்துகிறார்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். அன்று நாங்கள் பட்ட எழுத்துப் பாட்டை அவளிடம் சொன்னால் கற்காலக் கதை மாதிரி கேட்கிறாள்.

பழைய தளத்தின் பெயரைப் பெரியம்மா மகனிடமிருந்து பெண்கள் குழுவின் மின்னஞ்சலுக்கு மாற்ற வைத்தாள். அவர் தயங்காமல் மாற்றிக்கொடுத்தார், இத்தனை வருடம் காசு கட்டியதற்கு ஒரு கணக்கும் கேட்கவில்லை. புதுப்பிக்கும் தேதி, கடவுச்சொல், கிட்ஹப் கணக்கு, ஷீட்டின் முகவரி எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, குழுவின் பீரோவில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ்களோடு இருக்கிறது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதக் கூடாது என்று புத்தகங்கள் சொல்கின்றன. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் துபாய்க்குப் போன தம்பியைத் தேடியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் முடிவாகவில்லை: பக்கத்தில் யார் போன் நம்பரைப் போடுவது. ஒரு அக்கா, என் வீட்டுக்காரர் எடுத்து எதையாவது உளறிவைப்பார் என்றார். இன்னொருவர் மகள் நம்பரைச் சொன்னார், "அவ கட்டிக்கினு போயிட்டா?" என்று பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. குழுவுக்கென்று தனி சிம் வாங்கலாம் என்றாள் அண்ணன் மகள். எல்லோருக்கும் சம்மதம். ரீசார்ஜ் யார் கட்டுவது என்றதும் கூட்டம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதுவரைக்கும் என் நம்பர் இருக்கிறது. போன வாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் அழைத்துக் கல்யாணத் தாம்பூலத்துக்கு இருநூறு பெட்டி கேட்டார். மூடி போட்டதா, மூடி இல்லாததா, சாயம் போகுமா போகாதா என்று அடுக்கினார். எனக்கென்ன தெரியும்? அரை மணியில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.